பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழமா?



ஆண்டு மலர் என்றாலே கொஞ்சம் காதல் கவிதை, கொஞ்சம் 'வேலையில்லாத் திண்டாட்டம்', கொஞ்சம் 'இளைஞனே எழுந்திரு' என்று இருக்கும். அதையெல்லாம் எழுத நம் வகுப்பிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது, கிரீஸ்தான் வரும். அந்தக் கிரீஸ் கையோடு ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்கிறேன். படித்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கேன்டீனில் பிடித்துச் சண்டை போடுங்கள். இரண்டும் எனக்குச் சம்மதமே!

பழைய லாரியையும் ராணுவம் கழித்த ஜீப்பையும் தேடிப் பிடித்து, நட்டு நட்டாகப் பிரித்து, துரு நீக்கி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி ஓட வைப்பது வெளிநாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்று சங்கங்கள், திருவிழாக்கள், மியூசியங்கள் எல்லாம் உண்டு. நம்மூரில்? 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!' என்று தெருவில் குரல் கேட்டால் போதும், தாத்தா காலத்து வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவோம்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். டிப்ளமோ படிக்கிற நமக்கு இதைவிட நல்ல ஒர்க் ஷாப் கிடையாது என்பது என் கட்சி. அந்த ஒர்க் ஷாப்பும் ரொம்ப நாள் திறந்திருக்கப் போவதில்லை. வண்டிகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. அதைவிட வேகமாக, அந்த வண்டிகளைத் தெரிந்த மனிதர்கள் தீர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

எனக்கு வீடு ஸ்ரீரங்கம். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் காவிரிப் பாலம் தாண்டிச் சைக்கிளை மிதித்துப் பால்பண்ணைப் பக்கம் ஒரு லாரி ஷெட்டுக்குப் போகிறேன். அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி இருக்கிறார். எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். பெட்ஃபோர்டு, ஃபார்கோ, பழைய டாடா மெர்சிடிஸ், லேலண்ட் காமெட் எல்லாம் கை வைத்தவர். ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, "தம்பி, மூணாவது பேரிங் போயிருச்சு, பாரு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூணாவதுதான் போயிருக்கும். அவருக்கு இரண்டு பையன்கள். ஒருவர் வளைகுடாவில், ஒருவர் மொபைல் கடையில். அவர் காதில் இருக்கிற படிப்பு அவரோடு போய்விடும். எந்த யூனிவர்சிடியும் அதற்குப் பட்டம் தரவில்லை. யாரும் நோட்டிலும் எழுதி வைக்கவில்லை.

நம்ம ஊருக்கும் ராணுவ வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 'கன்டோன்மென்ட்' என்று தினம் பஸ்ஸில் சொல்லி டிக்கெட் வாங்குகிறோமே, அந்தப் பெயரே பட்டாளம் தங்கிய இடம் என்பதுதான். இரண்டாம் உலகப் போரின்போது நம் விமான நிலையத்தைப் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியது. 1928-இல் தொடங்கிய பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப், போர்க் காலத்தில் விமானங்களையும் பழுது பார்த்தது. 1966-இல் படைக்கலத் தொழிற்சாலை வந்தது. இப்படி ராணுவமும் இரும்பும் சேர்ந்தே வளர்ந்த ஊர் இது.

போர் முடிந்த பிறகு நாடு முழுவதும் ராணுவம் கழித்த வண்டிகள் தனியார் கைக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்ற பெயர் அப்படித்தான் நம் ஆட்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. பட்டாளத்துக்கு ரேஷன் ஏற்றிய சேசிஸ் மேல் மரத்தில் பாடி கட்டி, நெல் மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றினார்கள். பெஞ்சு போட்டு ஆளையும் ஏற்றினார்கள். புது வண்டி கிடைக்காத காலத்தில் டிஸ்போசல் வண்டிதான் பலருக்கு முதல் முதலீடு.

அதற்குப் பிறகுதான் நம் நாட்டு வண்டிகளின் கதை. 1947-இல் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பிறந்து, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-இல் டாடா, ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு பதினைந்து வருஷ ஒப்பந்தம் போட்டது. அதனால்தான் 1969 வரை வந்த டாடா லாரிகளின் நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. ராணுவத்துக்காக ஜபல்பூரில் 1959 முதல் ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனி உரிமத்தில் 'சக்திமான்' லாரி செய்தார்கள். 1996 வரை அது ஓடியது. 'ஜோங்கா' தெரியும்தானே? நிசான் பேட்ரோல் மாடல். 'ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி' என்பதன் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். 1969 முதல் 1999 வரை வந்தது. நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் குடிப்பதில் கும்பகர்ணன்!

இத்தனை வண்டிகள் நம் ரோட்டில் ஓடின. இன்றைக்கு ஒரு பழைய காரைப் பார்க்க ஆசைப்பட்டால் கோயம்புத்தூரில் ஜிடி கார் மியூசியம் இருக்கிறது. சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோவில் 2023-இல் ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் காருக்குக் கிடைக்கிற மரியாதை லாரிக்குக் கிடைப்பதில்லை. சீமான் ஏறிய வண்டி மியூசியத்துக்குப் போகிறது; சோறு ஏற்றிய வண்டி எடைக்குப் போகிறது. இங்கிலாந்தில் லேலண்ட் என்றே ஒரு ஊர் இருக்கிறது. நம் எண்ணூர் லாரிக்கு அந்த ஊர்ப் பெயர்தான். அங்கே 1983-இல் லாரி, பஸ், வேன்களுக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். பெயரை அங்கிருந்து வாங்கிக்கொண்ட நாம், அந்தப் புத்தியை வாங்கிக்கொள்ளவில்லையே!

புத்தகத்தில் படம், வண்டியில் பாடம்

ஆட்டோமொபைல் பேப்பரில் வால்வு அமைப்பு என்று ஒரு கேள்வி வரும். எல் ஹெட், ஐ ஹெட், எஃப் ஹெட், டி ஹெட் என்று நான்கு படம் போட்டு, பாகங்களைக் குறித்து மார்க் வாங்கிவிடுவோம். எஃப் ஹெட் எஞ்சினை நேரில் பார்த்தவர் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

போர்க் கால வில்லிஸ் ஜீப்பில் இருந்தது எல் ஹெட். 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். இரண்டு வால்வும் பிளாக்கிலேயே பக்கத்தில் நிற்கும். கம்ப்ரெஷன் விகிதம் ஆறரைக்கு ஒன்று. மட்டமான பெட்ரோலை ஊற்றினாலும் ஓடும். போர்க்களத்தில் அதுதானே வேண்டும்! போருக்குப் பிறகு, அதே போர், அதே ஸ்ட்ரோக் வைத்துக்கொண்டு, இன்டேக் வால்வை மட்டும் ஹெட்டுக்கு ஏற்றினார்கள். எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இருந்தது. அதுதான் எஃப் ஹெட். இன்டேக் வால்வைப் பெரிதாக வைக்க இடம் கிடைத்ததால் குதிரைத்திறன் 70-ஐத் தாண்டியது. எஞ்சின் உயரமாகிவிட்டது, அதனால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. பழைய மகிந்திரா ஜீப்பின் பானெட் ஏன் அவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? படத்தில் பார்த்தால் இரண்டு மார்க். கழற்றிப் பார்த்தால் ஒரு டிசைன் எஞ்சினியரின் தலைவலி முழுவதும் புரிகிறது.

இன்னொன்று, திரெட். அரை அங்குல போல்ட் என்று சொன்னால் போதும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். "எந்த ஊரு அரை இஞ்ச் தம்பி?" என்றார் பாய். பிரிட்டிஷ் விட்வொர்த் என்றால் அங்குலத்துக்கு 12 மரை, 55 டிகிரி. அமெரிக்க முரட்டு மரை என்றால் 13, 60 டிகிரி. நட்டு இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். பலவந்தம் பண்ணினால் மரை போச்சு! போரில் நேச நாடுகளுக்கு இதே தலைவலி இருந்தது. ஒரே படையில் இரண்டு நாட்டு வண்டி, ஆனால் ஒன்றின் நட்டு மற்றதுக்குச் சேராது. அந்தப் பாடத்தில்தான் 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து ஒரே திரெட் அளவுக்கு ஒத்துக்கொண்டன. நம் சக்திமானோ ஜெர்மன் வம்சம், அதனால் மெட்ரிக். ஆக ஒரு பழைய லாரி ஷெட்டில் மூன்று வகை ஸ்பானர் செட் வேண்டும். தரப்படுத்துதல் ஏன் முக்கியம் என்று நம் புத்தகம் ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. முழங்கை தோல் உரிந்தால் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிடும்!

பார்ட்ஸ் கிடைக்காதபோதுதான் நாம் உண்மையிலேயே எஞ்சினியர் ஆகிறோம். உடைந்த கியர் ஒன்று கையில் இருக்கிறது. கடையில் இல்லை, கேட்லாக்கும் இல்லை. என்ன செய்வது? சாதாரண நேர்ப்பல் கியர் என்றால் பல்லை எண்ணு, வெளிவிட்டத்தை வெர்னியரில் பிடி. 24 பல், வெளிவிட்டம் மூன்றேகால் அங்குலம். பல்லோடு இரண்டைக் கூட்டி, விட்டத்தால் வகுத்தால் சரியாக 8. அதாவது எட்டு டயமெட்ரல் பிட்ச். அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் கணக்கு. இப்படி முழு எண் வராமல், விட்டத்தை மில்லிமீட்டரில் வைத்துப் பல்-கூட்டல்-இரண்டால் வகுத்தபோது முழு எண் வந்தால் அது மாடுல் கணக்கு, ஐரோப்பிய வண்டி. ஒரு துண்டு இரும்பு தன் ஜாதகத்தைத் தானே சொல்லும். ஷெட்டில் அந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான், மெஷின் டிசைன் என்பது பரீட்சைக்காக இல்லை என்று எனக்கு உறைத்தது.

பெயிண்ட் அடிப்பது வேறு, உயிர் கொடுப்பது வேறு

ஆவடியில் 1965 முதல் செய்த விஜயந்தா டாங்கிகள் ஓய்வு பெற்ற பிறகு, நாட்டின் பல ஊர்களில் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பார்த்திருப்பீர்கள். வருஷத்துக்கு ஒரு கோட் பெயிண்ட், குடியரசு தினத்துக்கு ஒரு மாலை. உள்ளே மழைத் தண்ணீரும் எலியும். நான் குறை சொல்லவில்லை, மரியாதை செய்வது நல்லதுதான். ஆனால் அது சிலை. நான் பேசுவது ஓடுகிற வண்டியை.

இதில் நமக்குப் பாடம் சொல்ல வெளிநாட்டுக்காரன் வேண்டாம். எங்கள் ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். 2015 கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோவிலில் நடந்த திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. புதிதாகப் பளபளவென்று எதையும் கட்டியதற்கு அது வரவில்லை. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதை எடுத்து, மூடிக் கிடந்ததைத் திறந்து, பழைய மழைநீர் வடிகால் மறுபடி வேலை செய்யும்படி ஆக்கி, இருந்ததை இருந்தபடி மீட்டார்கள். வண்டிக்கும் அதுதான் விதி. ஜீப்புக்குக் குரோமியம் பம்பரும், ஏழு ஹாரனும், அகலமான டயரும் மாட்டினால் அது சீரமைப்பு ஆகாது, கல்யாண மேக்கப்!

சித்திரைத் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். தேரும் ஒரு வண்டிதானே? அச்சு உண்டு, சக்கரம் உண்டு, பிரேக்குக்கு முட்டுக்கட்டை உண்டு. மரம் உளுத்தால் தச்சர் மாற்றுகிறார். தமிழ்நாட்டில் எத்தனையோ தேர்களுக்கு நம் திருச்சி 'பெல்' தொழிற்சாலை இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்திருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே உண்டு. அதனால் அது பழைய தேர் இல்லை என்று யாராவது சொன்னார்களா? வருஷத்துக்கு ஒரு தடவையாவது வடம் பிடித்து இழுப்பதால்தான் அது தேர். இழுக்காமல் விட்டால் அது விறகு. மாற்ற வேண்டியதை மாற்று, ஆனால் ஓட விடு. இதைவிடத் தெளிவாக எந்த மியூசியமும் சொல்லாது.

'அதெல்லாம் கோவில் சமாசாரம், எஞ்சினுக்கு நடக்குமா?' என்பவர்கள் பொன்மலையைப் பார்க்கட்டும். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் 1914 வாக்கில் சுவிட்சர்லாந்தில் பிறந்த டிசைன். தேய்ந்துபோன அந்த எஞ்சின்களுக்கு மாற்றாக, அதே டிசைனில், எண்ணெயில் எரியும் புது எஞ்சினை 2011-இல் பொன்மலையில் செய்தார்கள். 2021-இல் நிலக்கரியில் ஓடும் புது எஞ்சினையே செய்து அனுப்பினார்கள். நீராவி எஞ்சின் காலம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து! நம் ஊர்த் தொழிலாளிகளின் கையால்! நம் சீனியர்கள் பலர் அப்ரன்டிஸ் முடித்த ஒர்க் ஷாப் அது. அங்கே நூறு வருஷத்து எஞ்சினுக்கு வாரிசு பிறக்கும்போது, ஒரு ஜீப்பை ஓட வைக்க நம்மால் முடியாதா?

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். தினப்படி ஓட்டக்கூடாது; கண்காட்சிக்கும் ராலிக்கும் கொண்டு போகலாம். நியாயமான விதிதான். ஆனால் யாருக்கு? சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிக்கும் பயணிகள் காருக்கும் மட்டும்! சரக்கு லாரி அந்தப் பட்டியலில் இல்லை. ஜீப் பயணி வாகனம் என்ற கணக்கில் தப்பிக்கலாம். மூன்று முனை நட்சத்திரம் வைத்த பழைய டாடாவும், முதல் தலைமுறை காமெட்டும் தப்ப வழியில்லை.

இன்னொரு வேடிக்கை. மோட்டார் வாகன விதிகளின்படி ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ராணுவ வண்டி வேஷம் போட்டுக்கொண்டு திரிந்தால் ஆபத்து. அதே சமயம், ஏலத்தில் வாங்கிய ஒரு பழைய சக்திமானை அதன் பிறந்த நிறத்திலேயே வைத்து ஓட்ட முடியாது என்பதும் உண்மை. ராணுவ நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய அம்பும், அடுத்து வாங்கிய வருஷத்தின் இரண்டு எண்ணும் இருக்குமே, அதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. பதிவு பெற்ற விண்டேஜ் வண்டிக்கு, கண்காட்சி அன்று மட்டும், எழுதி வாங்கிய அனுமதியோடு அதன் பழைய நிறத்துக்கு இடம் கொடுக்கலாமே! கேட்டால்தானே கிடைக்கும்? கேட்க ஆளில்லை.

பழைய வண்டிகளை அழிக்கும் கொள்கையும் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு ரத்து. தினமும் புகை கக்கிக்கொண்டு ஓடும் வண்டி போகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயிரத்தில் ஒன்றை, ஒவ்வொரு மாடலிலும் ஒன்றையாவது, எடுத்து வைக்கச் சொல்கிறேன். நெல்லையெல்லாம் அரைத்துவிட்டால் விதைநெல்லுக்கு எங்கே போவது?

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்

'இது எலக்ட்ரிக் வண்டி காலம். கார்புரேட்டர் கற்று என்ன கிழிக்கப் போகிறாய்?' என்று என் பெஞ்ச் மேட்டே கேட்கிறான். நியாயமான கேள்வி. கார்புரேட்டர் போகலாம். ஆனால் பேரிங்குக்கு எவ்வளவு இடைவெளி, ஷாஃப்டுக்கு என்ன ஃபிட், போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, பிரேக் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது, இதெல்லாம் பேட்டரி வண்டியிலும் அப்படியே இருக்கிறது. மேலும், புது வண்டியில் பழுது என்றால் ஸ்கேனரை மாட்டுகிறோம். அது சொல்கிற பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு பெட்டியை மாட்டுகிறோம். பழைய வண்டியில் ஸ்கேனர் நாம்தான். காரணத்தைத் தேடிப் போகும் பழக்கம் ஒரு தடவை வந்துவிட்டால் எந்த வண்டிக்கும் உதவும்.

'காசு?' ஆமாம், ஆகும். முழு லாரியை எடுத்தால் நம்மால் தாங்க முடியாது. அதனால்தான் ஜீப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய பழைய ஜீப்புகள் மலையில் பல காலம் தாக்குப்பிடித்தன என்றால், காரணம் அவற்றைச் சாதாரண மெக்கானிக்கே சரி செய்ய முடியும் என்பதுதான். கூலி நம் கை. லேத்தும் வெல்டிங் செட்டும் நம் ஒர்க் ஷாப்பில் இருக்கிறது.

'ராணுவ வண்டி என்றால் போரைக் கொண்டாடுவதா?' என்று ஒரு தோழி கேட்டார். நல்ல கேள்வி. போரில் பெரும்பாலான வண்டிகள் சுட்டது இல்லை. அரிசி சுமந்தன, தண்ணீர் சுமந்தன, காயம்பட்டவனைச் சுமந்தன. பானெட்டில் பொய்த் துப்பாக்கி மாட்டிப் போட்டோ எடுக்கிற கூட்டத்தில் நான் இல்லை. சுமந்த வண்டிக்குத்தான் என் மரியாதை.

கொஞ்சம் ஜாக்கிரதை!

ஆர்வத்தில் இன்றைக்கே ஸ்பானரை எடுத்துவிடாதீர்கள். மூன்று விஷயம் பாய் என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னவை, உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று: பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றில் ஊதாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டி ஒதுக்குங்கள்.

இரண்டு: பல ராணுவ வண்டிகளின் சக்கரம் இரண்டு துண்டாக இருக்கும், சுற்றிலும் நட்டு போட்டுச் சேர்த்திருப்பார்கள். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் நட்டு வேறு, இந்த நட்டு வேறு. காற்றை முழுக்க இறக்காமல் இதைத் தொட்டால் ரிம் குண்டு மாதிரி வெடித்துப் பிரியும். வால்வு ஊசியையே எடுத்துவிட்டு, சத்தம் முழுவதும் அடங்கிய பிறகுதான் ஸ்பானர்.

மூன்று: முதலில் பிரேக், பிறகுதான் எஞ்சின். "ஓடாத வண்டி யாரையும் கொன்னதில்ல தம்பி, நிக்காத வண்டிதான் கொல்லும்." இது பாய் வாக்கு. நம் ஒர்க் ஷாப் சுவரில் எழுதி வைக்கலாம்.

யூனியனுக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நம் ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் ஒரு ஜீப் நிற்கிறதே, அதன்மேல் உட்கார்ந்து டீ குடிக்காதவர் நம் கல்லூரியில் இல்லை. எந்தக் காலத்திலோ ராணுவக் கழிவில் வாங்கி லேபுக்குக் கொடுத்த வண்டி. மேலே சொன்ன எஃப் ஹெட் எஞ்சின் அதில்தான் இருக்கிறது! நான் பிளக்கைக் கழற்றி, எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊற வைத்து, ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டுப் பார்த்தேன். சுற்றுகிறது. பிஸ்டன் பிடிக்கவில்லை. சேசிஸில் நம்பர் தெளிவாக இருக்கிறது. தரைத் தகடு போய்விட்டது, ஒயரிங் எலி தின்றுவிட்டது, டயர் நான்கும் வீண். மற்றபடி அது ஆரோக்கியமான கிழவர்.

அந்தக் கிழவர் இப்போது 'கண்டம்' பட்டியலில் இருக்கிறார். உடைந்த நாற்காலி, ஓட்டை வாளி, பழைய மோட்டார்களோடு சேர்த்து அடுத்த டெண்டரில் கிலோ கணக்கில் போகப் போகிறார். விதிப்படிதான் செய்கிறார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் விதியிலேயே, கற்பிக்கும் கருவியாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதலாம். அதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு நம்மில் நூறு கையெழுத்து வேண்டும்.

என் யோசனைகள் இவை. முதலாவது, டெண்டருக்கு முன் யூனியன் சார்பில் முதல்வரிடம் மனு கொடுப்போம். இரண்டாவது, மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலக்ட்ரிக்கல் மூன்றிலிருந்தும் பன்னிரண்டு பேர், மாணவிகளும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைக் குழு. முதல் செமஸ்டரில் பிரிப்பது, படம் எடுப்பது, அளப்பது. இரண்டாவதில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும். மூன்றாவதில் எஞ்சின். தகடும் பெயிண்டும் கடைசியில். அவசரம் வேண்டாம், நாம் போனாலும் ஜூனியர் தொடரட்டும். மூன்றாவது, கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவோடு டிராயிங் போட்டு லைப்ரரியில் ஒரு நோட்டு வைப்போம். அந்த நோட்டு ஜீப்பைவிடப் பெரிய சொத்து. நான்காவது, பாய் மாதிரி மேஸ்திரிகளை மாதம் ஒரு முறை அழைப்போம். கெஸ்ட் லெக்சரர் என்றே அழைப்போம். ஆட்டோ சார்ஜும் மரியாதைத் தொகையும் கொடுப்போம். அவர்கள் பேசுவதை ரெக்கார்ட் செய்வோம். ஐந்தாவது, லாரிகளையும் விண்டேஜ் விதியில் சேர்க்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகத்துக்கு எழுதுவோம். டிப்ளமோ பசங்க எழுதினால் யார் படிப்பார்கள் என்று சிரிக்காதீர்கள். எழுதாத கடிதத்தைத்தான் யாரும் படிக்க முடியாது.

பணத்துக்கு? ஆண்டு விழா இன்னிசைக் கச்சேரிச் செலவில் பாதி முதல் வருஷத்துக்குப் போதும் என்பது என் கணக்கு. கச்சேரி வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னை அடிக்க வராதீர்கள்! ஸ்பீக்கர் பாக்ஸை ரெண்டு குறைத்துக்கொள்ளலாமே என்றுதான் சொல்கிறேன்.

நண்பர்களே, இன்டர்வியூவில் நம்மைப் பார்த்து முதலில் கேட்பது, "பிராக்டிகலா என்ன செஞ்சிருக்கீங்க?" என்றுதான். அதற்கு நம்மில் பலர் சொல்லும் பதில், வாங்கி வந்த புராஜெக்ட் மாடலின் பெயர். இனி வரும் செட்டில் பன்னிரண்டு பேராவது, "ஒரு எஞ்சினைப் பிரித்தோம், இல்லாத பாகத்தை அளந்து செய்தோம், ஓட வைத்தோம்" என்று சொல்லட்டும். டெண்டர் அறிவிப்பு எந்த நாளும் போர்டில் ஒட்டப்படலாம். மனுவின் நகல் யூனியன் அறையில், கேரம் போர்டுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன்.

பேரீச்சம்பழத்தை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். அந்த ஜீப்பை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன், ஸ்ரீரங்கம்